மொறிஸ் மைனர் 1000 (1098 சிசி) சூடேறினால் நிண்டுபோகுது: றேடியேற்றரா, பெற்றோலா, கரண்டா?

மானிப்பாய்_1098:

எல்லாருக்கும் வணக்கம். கார் 1966 மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 1098 சிசி எஞ்சின், எஸ்.யு. எச்.எஸ்.2 காபறேற்றர், லூகாஸ் டைனமோ, இன்னும் பொசிற்றிவ் ஏர்த்திலதான் (பற்றரியின்ரை ப்ளஸ் கார் உடம்போடை) இருக்கு.

காலமையில ரவுணுக்குள்ள ஓடேக்க ஒரு குறையும் இல்லை. யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 வீதியில மணிக்கு 70 கிலோமீற்றரில விட்டால், முக்கால் மணித்தியாலம் கழிச்சு, ஆனையிறவு தாண்டுற அளவில இழுவை குறையும், இரண்டு மூண்டு தரம் விக்கும், அரைக் கிலோமீற்றருக்குள்ள நிண்டுவிடும். பொனற்றைத் திறந்து 20, 25 நிமிசம் விட்டால் பழையபடி ஸ்ராட் எடுக்கும். மத்தியான வெயிலில சனத்துக்குள்ள ஊர்ந்து போனாலும் இதே கதை.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அரை லீற்றர் அளவு தண்ணி குறையுது, அடுத்த நாள் கிணத்துத் தண்ணி விட்டு நிரப்பிறது. தெர்மோஸ்ராற் (சூட்டுக்கேற்பத் தண்ணியைத் திறந்து விடுற வால்வு) இல்லை, முந்தின ஆக்கள் கழட்டிப்போட்டினம். பிளக் புதுசு (என்.ஜி.கே. பி.பி.6.ஈ.எஸ்.), பிளக்குக்குக் கூடின வோல்ற் குடுக்கிற கொயிலும் புதுசு. பெற்றோல் பம் பழைய எஸ்.யு. தான்.

மூண்டு இடத்தில மூண்டு கதை: ஜப்பான் கார் றேடியேற்றர் பூட்டு எண்டு ஒருவர், பம்முக்கு ஈரத்துணி சுத்து எண்டு இன்னொருவர், எஞ்சினையே மாத்து எண்டு மூண்டாமவர். சித்திரை விடுமுறைக்குக் கண்டி மட்டும் போக வேணும், மாத்தளைக்குப் பிறகு ஏத்தமும் இருக்கு. கண்ணை மூடிக்கொண்டு சாமான் மாத்தாமல் எதை முதல் சோதிக்கிறது? எங்கடை வெக்கைக்குத் தெர்மோஸ்ராற் இல்லாமல் விடுறது சரியோ?

முன் இடப்பக்கச் சில்லில கிடங்கு விழேக்க "டொக்" எண்டு ஒரு சத்தமும் இருக்கு. அது அவசரமில்லை எண்டு நினைக்கிறன்.

---

பழைய_ஸ்பானர்:

தம்பி, நிண்ட உடனை பொனற்றைத் திறந்து ஆறவிடுறதை முதல் நிப்பாட்டுங்கோ. ஆறினாப் பிறகு எல்லாம் ஒழுங்கா வேலை செய்யும், ஒண்டும் பிடிபடாது. நிண்ட முதல் அஞ்சு நிமிசத்துக்குள்ளதான் பிழை தன்னைக் காட்டும். காருக்குள்ள ஒரு பழைய பிளக், பெற்றோல் பிடிக்க ஒரு போத்தல், மல்ரிமீற்றர், தூர நிண்டு சூடு பாக்கிற இன்ஃப்றாறெட் தெர்மோமீற்றர் வைச்சிருங்கோ. மைனர் 1000 டாஷ்போட்டில சூட்டு மானி கிடையாது. நடுவில வேகமானி, அதுக்குள்ள பெற்றோல் அளவு, எண்ணெய் லைற், சார்ஜ் லைற், அவ்வளவுதான். அதால "சூடேறி நிண்டது" எண்டு நாங்கள் சொல்லுறது பாதி ஊகம்.

நிண்ட உடனை சாவியைப் போட்டு, எஞ்சினைச் சுத்தாமல், காதைக் குடுங்கோ. எஸ்.யு. பம் நல்லா இருந்தால் மூண்டு நாலு தரம் "டிக் டிக்" எண்டு அடிச்சு, காபறேற்றர் நிறைஞ்சதும் நிண்டுவிடும். நிக்காமல் படபடவெண்டு அடிச்சுக்கொண்டே இருந்தால் பெற்றோல் வரேல்லை. ஆவியை இழுக்குது, இல்லாட்டி எங்கையோ காத்து வாங்குது, இல்லாட்டி ராங்கி மூடியின்ரை காத்துத் துவாரம் அடைச்சுப்போச்சு. உடனை ராங்கி மூடியைத் திறந்து பாருங்கோ. "உஸ்" எண்டு காத்து உள்ளுக்குப் போனால் பிழை மூடியிலதான். ஒரு சத்தமுமே இல்லை எண்டால் பம்முக்குள்ள இருக்கிற பொயின்ற் கரிஞ்சு கிடக்கு. திருப்புளிப் பிடியால மெதுவாத் தட்ட அடிக்கத் தொடங்கினால் அதுதான் அத்தாட்சி.

சந்தேகம் தீர, காபறேற்றரில பெற்றோல் பைப்பைக் கழட்டிப் போத்தலுக்குள்ள விட்டு ஒரு நிமிசம் பம்மை ஓட விடுங்கோ. அரை லீற்றர் வர வேணும். எக்ஸோஸ்ற் மனிபோல்ட் காபறேற்றருக்கு நேர கீழ இருக்கு. அதால இந்தச் சோதனையை மட்டும் வீட்டில, எஞ்சின் ஆறின நேரம் செய்யுங்கோ. வீதியில காது போதும்.

அடுத்தது நெருப்புப் பொறி. பழைய பிளக்கை ஒரு வயரில பூட்டி, பிளக்கின்ரை இரும்பு எஞ்சினில முட்டுற மாதிரிப் பிடிச்சு (இடுக்கியால, கையால வேண்டாம்) ஒராளை ஸ்ராட்டரைச் சுத்தச் சொல்லுங்கோ. நீலமா, "சட் சட்" எண்டு சத்தத்தோடை அடிச்சால் கரண்ட் நல்லம். மஞ்சளா, மெலிஞ்சு, இடைக்கிடை அடிச்சால் கொயில் அல்லது கொண்டென்சர்.

கடைசியாச் சூடு. தெர்மோமீற்றரை றேடியேற்றரின்ரை மேல் ஹோஸ் பூட்டுற ஹவுசிங்கில பிடியுங்கோ. மினுங்கிற அலுமினியம் பிழையாக் காட்டும், அதால ஒரு துண்டு மாஸ்கிங் ரேப் ஒட்டி அதில பாருங்கோ. 80 முதல் 95 பாகை மட்டும் பயமில்லை. 7 இறாத்தல் அமுக்கம் தாங்கிற றேடியேற்றர் மூடி சரியாப் பிடிச்சால் வெறும் தண்ணியே 111 பாகை அளவிலதான் கொதிக்கும். 105 தாண்டினால் தண்ணிப் பக்கம்தான் பிழை.

மூண்டையும் பாத்து எழுதுங்கோ. அதுக்கிடையில தண்ணி வடிக்கிற ட்றெயின் தப் இரண்டையும் திறந்து பாருங்கோ. ஒண்டு றேடியேற்றர் அடியில, மற்றது எஞ்சின் புளொக்கின்ரை வலப்பக்கம் பின்பாடா. புளொக் தப்பைத் திறக்கத் தண்ணி பாய வேணும். பாயேல்லை எண்டால் அதிலயே பாதிக் கதை விளங்கும்.

---

வடபழனி_வின்டேஜ்:

சார், கரண்ட் பக்கம் மட்டும் நான் சொல்றேன். "கொயில் புதுசு"ன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு முதல் சந்தேகமே அந்தப் புது காயில் மேலதான்.

மைனருக்கு பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போற கரண்டைக் குறைக்கறது) கிடையாது. நேரா 12 வோல்ட் போகுது. அதுக்கு பிரைமரி 3 ஓம் இருக்கற காயில் வேணும். கடையில "12 வோல்ட் காயில்"னு கேட்டா 1.5 ஓம் காயிலையும் அதே பேர்ல எடுத்துக் கொடுத்துடுவாங்க. அது பேலஸ்டோட ஓடற வண்டிக்கானது. மைனர்ல மாட்டினா இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், அரை மணி, முக்கால் மணியில கை வைக்க முடியாத அளவு சுடும், பொறி செத்துப்போகும், கூடவே டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடற பகுதி) இருக்கற பாயின்ட்டும் கருகும். ஆறினா மறுபடி வேலை செய்யும். உங்க அறிகுறி அப்படியே இருக்கு. இரண்டு சின்ன வயரையும் கழட்டிட்டு, மீட்டரை ஓம்ல வெச்சு அந்த இரண்டு டெர்மினலுக்கு நடுவுல அளந்து பாருங்க.

பாசிட்டிவ் எர்த் வண்டியில இன்னொரு தப்பும் சகஜம். காயில்ல ப்ளஸ்னு போட்டிருக்கற முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகணும். இப்போ வர்ற வண்டிப் பழக்கத்துல மைனஸை அங்க கொடுத்தா வண்டி ஓடும், ஆனா பொறி தலைகீழா அடிக்கும், சூட்டுல முதல்ல அதுதான் விடும். சோதிக்க ஒரு பென்சில் போதும். பிளக் வயரை பிளக்ல இருந்து ஆறு மில்லிமீட்டர் தள்ளிப் பிடிச்சு (இன்சுலேட்டட் இடுக்கியால), நடுவுல பென்சில் முனையை வைங்க. பொறி முனையைத் தாண்டி பிளக் பக்கமா விரிஞ்சு ஆரஞ்சா தெரிஞ்சா சரி. வயர் பக்கமா விரிஞ்சா காயில் முனைகளை மாத்துங்க.

கண்டென்சரை விட்டுடாதீங்க. இப்போ வர்றதுல பாதி சூட்டுல போயிடுது. ஒரு உபரி கண்டென்சரை க்ளிப் வயரோட வண்டியில வெச்சுக்கங்க. வழியில நின்னா அதோட வயரை காயிலோட டிஸ்ட்ரிபியூட்டர் முனையில மாட்டி, உடம்பை எர்த் பண்ணுங்க. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்கவே வேண்டாம். வண்டி உடனே எடுத்தா குற்றவாளி அகப்பட்டுச்சு. (பழைய கண்டென்சர் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தா மட்டும் அதைக் கழட்டினாத்தான் எடுக்கும்.) பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். பிளக் 0.025 அங்குலம்.

---

மானிப்பாய்_1098:

இரண்டு பேருக்கும் நன்றி. சோதிச்சதை அப்பிடியே எழுதுறன்.

கொயில் 1.6 ஓம். ஓடி நிண்ட உடனை கை வைக்கேலாத சூடு, பொறி மஞ்சள். வயர் மாறித்தான் பூட்டியிருக்கு, மைனஸ் முனை டிஸ்றிபியூட்டருக்குப் போகுது. பம் நல்லா அடிச்சு நிக்குது, வீட்டில ஒரு நிமிசத்தில 550 மில்லிலீற்றர் தந்தது. ராங்கி மூடி "உஸ்" எண்டவும் இல்லை.

ஆனால் மேல் ஹவுசிங்கில 108 பாகை. றேடியேற்றரைக் கையால தடவ நடுவில சுடுது, கீழ் இடப்பக்க மூலை உள்ளங்கை அகலத்துக்குக் குளிர்ந்து கிடக்கு. புளொக் தப்பைத் திறக்க ஒரு சொட்டும் வரேல்லை. கம்பி விட்டுக் குத்த, ஈரச் சீமெந்து மாதிரி பழுப்பு நிறத்தில கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான்.

---

பழைய_ஸ்பானர்:

இரண்டு பிழை ஒண்டாச் சேந்திருக்கு. வீதியில எஞ்சினை நிப்பாட்டினது கொயில். 3 ஓம் கொயில் பூட்டி முனையை மாத்துங்கோ, அது தீர்ந்துது. ஆனால் அதோடை விட்டால் மாத்தளை ஏத்தத்தில ஹெட் காஸ்கெற் போகும், ஏனெண்டால் 108 பாகை உண்மையான சூடு.

யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது. கேத்திலுக்குள்ள படியிற வெள்ளைப் படையைப் பாருங்கோ. அதே படைதான் றேடியேற்றர் குழாய்களிலயும், புளொக்குக்குள்ள சிலிண்டரைச் சுத்தியும் படியுது. கறளோடை சேந்து கட்டியாகி, தண்ணி மெதுவா ஓடுற இடத்தில, அதாவது நாலாம் சிலிண்டர் பின்பக்கம், அடியில போய் இருக்கும். தப் அடைச்சுக் கிடக்கிறது அதாலதான்.

இதில கவனிக்க வேண்டிய விசயம் அந்த அரை லீற்றர். மைனரில எக்ஸ்பான்சன் போத்தல் இல்லை. றேடியேற்றரைக் கழுத்து மட்டும் நிரப்பினால் சூட்டில விரியிற தண்ணி ஓவர்ஃபுளோ குழாயால வெளிய போகத்தான் செய்யும், அது ஒழுக்கு இல்லை. நீங்கள் அடுத்த நாள் புதுக் கிணத்துத் தண்ணி விடுறியள். அதோடை புதுச் சுண்ணாம்பும் போகுது. ஒரே தண்ணி உள்ளுக்கையே சுத்தினால் அதில இருக்கிற சுண்ணாம்பு ஒருக்காப் படிஞ்சு முடிஞ்சிடும். ஓட்டத்துக்கு ஓட்டம் அரை லீற்றர் எண்டால் படிவு நிக்கவே நிக்காது. இனிமேல் கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழ தண்ணி நிண்டால் போதும்.

துப்பரவாக்கிற முறை இது. புளொக் தப்பை முழுசாக் கழட்டி எடுங்கோ. சைக்கிள் சில்லுக் கம்பி ஒண்டின்ரை நுனியை வளைச்சு, துவாரத்துக்குள்ளால கிண்டிக்கொண்டே, மேல் ஹவுசிங் வாயால தோட்டக் குழாய்த் தண்ணியை அடியுங்கோ. கிண்ட, அடிக்க, கிண்ட, அடிக்க எண்டு ஒரு மணித்தியாலம் போகும். பழுப்புச் சேறு நிண்டு தெளிஞ்ச தண்ணி பாயுறவரைக்கும் விடக்கூடாது. அதுக்கும் வழி விடேல்லை எண்டால் புளொக் பக்கத்து வெல்ச் பிளக்கில (தண்ணித் துவாரங்களை மூடுற வட்டத் தகடுகள்) கடைசியைக் கழட்ட வேணும். நடுவில சின்னத் துளை போட்டு நெம்பி எடுக்கலாம், ஆனால் துளைக் கம்பி உள்ளுக்குப் போய்ச் சிலிண்டர் சுவரில முட்டக்கூடாது. திருப்பிப் பூட்டேக்க பித்தளைப் பிளக் வாங்குங்கோ, கறள் பிடியாது.

றேடியேற்றரைக் கழட்டிக் கவிட்டு வைச்சு, கீழ் வாயால தண்ணி அடிச்சு மேல் வாயால எடுங்கோ. உள்ளங்கை அகலம் குளிர்ந்து கிடக்கு எண்டு சொல்லுறதைப் பாத்தால் இது மட்டும் போதாது போல. மேல் ராங்கியின்ரை பத்தாசைக் கழட்டிக் குழாய்க்குழாயாக் கம்பி விட்டுத் தரத் தெரிஞ்ச ஆள் கிடைச்சால் குடுங்கோ. பழைய பித்தளை றேடியேற்றரை எறியாதேங்கோ. ஜப்பான் கார் றேடியேற்றர் பூட்டப் போனால் முன் தகட்டை வெட்ட வேண்டி வரும், புளொக்குக்குள்ள இருக்கிற சேறு அப்பிடியே இருக்கும், இரண்டு வருசத்தில அதுவும் அடைக்கும்.

சேறு போனாப் பிறகுதான் அமிலம். கூலிங் சிஸ்ரம் கிட்டத்தட்ட 5 லீற்றர் பிடிக்கும். 250 கிராம் சிற்றிக் அசிட் தூளைச் சுடுதண்ணியில கரைச்சு விட்டு, தெர்மோஸ்ராற் இல்லாமல், ஹீற்றர் இருந்தால் அதின்ரை தப்பையும் திறந்து, 80 பாகை அளவில அரை மணித்தியாலம் ஓட விடுங்கோ. எஞ்சினை நிப்பாட்டி, கை வைக்கக் கூடிய அளவு ஆறினதும் வடிச்சு, இரண்டு தரம் நல்ல தண்ணியால கழுவி, மூண்டாந்தரம் 50 கிராம் சோடா (அப்பச் சோடாவே காணும்) கரைச்சு ஓட விட்டு, கடைசியாத் திரும்பக் கழுவுங்கோ. இராமுழுக்க உள்ள விட்டிட்டுப் போகக்கூடாது, பத்தாசையும் அலுமினியத்தையும் திண்டுவிடும். மலசலகூடம் கழுவுற அசிட்டைக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ.

ஒண்டை முன்னமே சொல்ல வேணும்: சில இடத்தில அந்தச் சுண்ணாம்புதான் ஓட்டையை அடைச்சு வைச்சிருக்கும். துப்பரவாக்கின அடுத்த நாள் வெல்ச் பிளக்கிலயோ றேடியேற்றர் மூலையிலயோ ஒழுகத் தொடங்கினால் அது நீங்கள் கெடுத்ததில்லை, முதலே கறள் திண்டு முடிஞ்சது.

பிறகு நிரப்பிறது 3.3 லீற்றர் காய்ச்சி வடிச்ச தண்ணியும் (பற்றரிக்கு விடுறதுதான்) 1.7 லீற்றர் கூலன்ரும். நீல நிறப் பழைய வகை எதிலீன் கிளைக்கோல் எண்டு கேட்டு வாங்குங்கோ, இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ. எங்கடை நாட்டில தண்ணி உறையாது, ஆனால் கறளைத் தடுக்கிற மருந்து அதுக்குள்ளதான் இருக்கு. அவசரத்துக்கு மழைத்தண்ணி நல்லம், கிணத்துத் தண்ணி வேண்டாம்.

---

லெஸ்ரர்_மைனர்:

தெர்மோஸ்ராற் பற்றிக் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. வெக்கையான நாட்டில் அதைக் கழட்டிவிட்டால் எஞ்சின் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். மைனரில் இருக்கிற ஏ-சீரிஸ் எஞ்சினில் அது சரியில்லை. ஹெட்டுக்கும் வோட்டர் பம்முக்கும் இடையில் விரல் நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கிறது அல்லவா? மேல் வாய் கட்டுப்பாடு இல்லாமல் திறந்து கிடந்தால் ஹெட்டின் முன்பக்கத்தால் தண்ணீர் சுலபமாக ஓடிப் போகும், பின்னால் நாலாம் சிலிண்டர்ப் பக்கம் சரியாகச் சுற்றாது. ஒரு பங்கு றேடியேற்றருக்கே போகாமல் பைபாஸால் திரும்பி வரும். உங்கள் எஞ்சினில் சேறு கட்டியிருப்பதும் அதே பின்பக்கம்தான்.

ஆகவே 74 பாகை தெர்மோஸ்ராற் பூட்டுங்கள். இங்கே இங்கிலாந்தில் சாதாரணமாகப் பூட்டுவது 82, குளிருக்கு 88, வெக்கையான நாடுகளுக்கு என்றே 74 வந்தது. பூட்ட முன்னர் நூலில் கட்டிச் சுடுதண்ணீருக்குள் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். புதிதிலும் திறக்காதவை வருகின்றன. தெர்மோஸ்ராற் வேண்டவே வேண்டாம் என்றால் அதன் இடத்தில் பூட்டுகிற பிளாங்கிங் சிலீவ் என்றொரு வளையம் இருக்கிறது. அது பைபாஸ் வாயை மூடி, மேல் வாயையும் ஓரளவு ஒடுக்கும். வெறுமனே விடுவதுதான் பிழை.

பைபாஸ் ஹோஸையும் இதே வேலையில் மாற்றுங்கள். வெடித்தால் மிச்சம் எல்லாத் தண்ணீரும் அதால் போய்விடும். பம்மைக் கழட்டாமல் மாற்ற, அக்கோடியன் மாதிரி மடிப்பு வைத்த ஹோஸ் கேளுங்கள், அமத்திப் பிடித்து உள்ளே தள்ளலாம்.

மூடி 7 இறாத்தல்தான். "கூட அமுக்கம் கூட நல்லம்" என்று 13 இறாத்தல் மூடி போட்டால் அறுபது வருடப் பத்தாசு பிரியும். ஃபான் பெல்ற் நீளமான பக்கத்தின் நடுவில் பெருவிரலால் அமத்த அரை அங்குலம் இறங்க வேண்டும். விசிறியை ஆரோ கழட்டி மறுவளமாகப் பூட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மறுவளமாகப் பூட்டினாலும் காற்று அதே திசைக்குத்தான் வரும், ஆனால் அளவு குறைந்துவிடும், அதனால் ஒருவரும் கவனிப்பதில்லை.

இவ்வளவும் செய்தும் சூடு 95-ஐத் தாண்டினால் மூன்று இடம் பாருங்கள். முதலாவது ரைமிங் பிந்தியிருப்பது. டிஸ்றிபியூட்டர் பக்கத்தில் இருக்கிற சின்ன முறுக்கு நட்டால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவந்து, ரொப் கியரில் அமத்தும்போது "கிளிங் கிளிங்" என்று தட்டத் தொடங்கியதும் சற்றுப் பின்னுக்கு விடுங்கள். இரண்டாவது கலவை மெலிந்திருப்பது. எஞ்சின் சூடாக ஐடிலில் நிற்க, காபறேற்றர் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, விக்கி நிற்கப் பார்த்தால் குறைவு, ஒருகணம் சற்றுக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. குறைவென்றால் அடியில் இருக்கிற ஆறுபக்க நட்டை ஒவ்வொரு பக்கமாக இறக்குங்கள். மூன்றாவது ஹெட் காஸ்கெற். ஆறின எஞ்சினில் ஃபான் பெல்ற்றைக் கழட்டி, றேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்ராட் செய்து ஒரு நிமிடம் பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் காஸ்கெற்தான். கொம்பிறெசன் பார்க்கும்போது 2-உம் 3-உம் மட்டும் சேர்ந்து குறைந்திருந்தால் இடையில் எரிந்திருக்கிறது. ஹெட் நட் 40 இறாத்தல்-அடி, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக. இறுக்கிய பிறகு வால்வு இடைவெளி ஆறின எஞ்சினில் 0.012 அங்குலம். எந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதோ, அந்த இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழித்து வருவதைச் சரிப்படுத்துங்கள்: 1 திறந்தால் 8, 3 திறந்தால் 6.

எஞ்சின் மாற்றச் சொன்னவரை மறந்துவிடுங்கள். 1098 எஞ்சின் 48 குதிரைவலு, முன் பிறேக் 8 அங்குல ட்றம், சஸ்பென்சன் அதற்கேற்றது. வலுவைக் கூட்டினால் நிற்பாட்டுகிற வேலை பெரிதாகும். மேலே சொன்ன தெர்மோஸ்ராற், மூடி, ஹோஸ், கொயில் எல்லாம் இங்கே இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. எல்லாம் சேர்த்தாலும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும், வருகிற ஆரிடமாவது குடுத்துவிடலாம்.

---

கரைநகர்_றவலர்:

எல்லாரும் எஞ்சினைப் பாக்கிறியள். கேள்வியின்ரை கடைசி வரியைத் திரும்பப் படியுங்கோ. "முன் இடப்பக்கச் சில்லில டொக்." அவசரமில்லை எண்டு எழுதியிருக்கு. இந்த இழையில ஆளைக் கொல்லக்கூடிய ஒரே விசயம் அதுதான்.

மைனரின்ரை முன் சில்லு போல் ஜொயின்றில திரும்பிறதில்லை. சில்லைப் பிடிச்சுத் திருப்புற நிமிர்ந்த கம்பியான கிங் பின்னின்ரை மேல் நுனியிலயும் கீழ் நுனியிலயும் மரை வெட்டி, அந்த மரையில ட்றணியன் திருகியிருக்கு. ஸ்ரியறிங்கைத் திருப்பேக்க மரையிலதான் சுத்துது. மேல் கை எண்டது ஷொக் அப்சோபரின்ரை கைதான், அது பாரம் தாங்கிறதில்லை. றோட்டு சில்லை மேல தள்ளுது, ரோர்சன் பார் (ஸ்பிறிங் மாதிரி முறுகிற இரும்புத் தண்டு) கீழ்க் கையைக் கீழ தள்ளுது. இந்த இரண்டு இழுவையையும் பிடிச்சு வைச்சிருக்கிறது கீழ் ட்றணியனின்ரை மரை மட்டும்தான். கிறீஸ் போகாமல் மரை தேய்ஞ்சால் ஒருநாள் ட்றணியன் கிங் பின்னை விட்டுக் கழண்டு, சில்லு மட்காட்டுக்குள்ள மடிஞ்சு, கார் மூக்கால குத்தும். கூடுதலா ஸ்ரியறிங்கை முழுசாத் திருப்பி மெதுவாப் போகேக்க நடக்கும். ஏ9-ல வேகத்தில நடந்தால் என்ன எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

சோதிக்கிறது இப்பிடி: ஜக்கைக் கீழ்க் கையின்ரை வெளி நுனிக்குக் கீழ, ஒரு பலகைத் துண்டு வைச்சுப் பிடிச்சு, சில்லு நிலத்தை விட்டு இரண்டு விரல் எழும்பிற மட்டும் தூக்குங்கோ. கார் நடுவில தூக்கினால் ரோர்சன் பார் எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சு ஆட்டத்தை மறைச்சுவிடும். ரயருக்குக் கீழ அலவாங்கை விட்டு மேல நெம்ப, ஒராள் கீழ் ட்றணியனில விரல் வைச்சுப் பாக்க வேணும். கிங் பின் மட்டும் எழும்பி ட்றணியன் நிண்டால் மரை போச்சு. இரண்டும் சேந்து அசைஞ்சால் கீழ்க் கையின்ரை றப்பர் புஷ், அது அவ்வளவு பயமில்லை.

மாத்தினால் கிங் பின்னையும் ட்றணியனையும் சோடியா மாத்துங்கோ. தேய்ஞ்ச மரையில புது ட்றணியன் ஒரு வருசமும் நிக்காது. இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர், மாறி வாங்கினால் ஏறாது. கழட்டேக்க கீழ்க் கைக்குக் கீழ ஜக் இருக்கவே வேணும், ரோர்சன் பாருக்குள்ள இருக்கிற முறுக்கு உங்கடை கையை உடைக்கும். புஷ் நட்டுகளைக் கார் நாலு சில்லிலயும் நிலத்தில நிக்கேக்கதான் கடைசியா இறுக்க வேணும். தொங்கவிட்டு இறுக்கினால் றப்பர் முறுகிக் கிழியும்.

---

மானிப்பாய்_1098:

நெம்பிப் பாத்தாச்சு. இடப்பக்கம் கிங் பின் 2 மில்லிமீற்றர் அளவு தனிய எழும்புது. வலப்பக்கம் இறுக்கமா இருக்கு, ஆனால் கிறீஸ் கன்னால (கிறீஸ் அடிக்கிற பம்) அடிக்க நிப்பிளைச் சுத்தித்தான் கிறீஸ் வெளிய வருது, உள்ளுக்குப் போகேல்லை. வலப்பக்கத்தை விடலாமோ? ட்றணியனுக்குக் கிறீஸ் இல்லை, ஈ.பி.90 எண்ணெய்தான் எண்டும் ஒருவர் சொன்னார்.

---

கரைநகர்_றவலர்:

ஈ.பி.90 எண்ணெய் ட்றயம்ப் ஹெறால்ட், ஸ்பிற்ஃபயர் கார்களின்ரை ட்றணியனுக்கு. பேர் ஒண்டு, சாமான் வேறை. மைனருக்கு லிதியம் கிறீஸ்.

இடப்பக்கம் 2 மில்லிமீற்றர் எண்டால் சாமான் வரும்வரைக்கும் கார் வீட்டிலயே நிக்கட்டும், சந்திக் கடைக்கும் வேண்டாம்.

வலப்பக்க நிப்பிளைக் கழட்டுங்கோ. துவாரத்துக்குள்ள பழைய கிறீஸ் காஞ்சு மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கும். மெல்லிய கம்பியால கிண்டி எடுத்து, சிரிஞ்சால மண்ணெண்ணெய் அடிச்சு ஒரு இரா ஊறவிட்டு, அடுத்த நாள் புது நிப்பிள் பூட்டுங்கோ. சில்லை நிலத்தில வைச்சு அடிச்சால் பாரம் மரையின்ரை ஒரு பக்கத்தை அமத்தி வைச்சிருக்கும், அந்தப் பக்கம் கிறீஸ் போகாது. மேல சொன்ன மாதிரி தூக்கி, ஒராள் ஸ்ரியறிங்கை இந்தத் தொங்கலில இருந்து அந்தத் தொங்கலுக்குத் திருப்பத் திருப்ப, கிறீஸ் கன்னால அடியுங்கோ. முதல் கறுப்பா, மணல் கலந்து வரும். ட்றணியனின்ரை மேல் விளிம்பைச் சுத்திப் புதுக் கிறீஸ் தன்ரை நிறத்தில எட்டிப் பாத்தால்தான் உள்ள போனது நிச்சயம். மேல் ட்றணியனுக்கும் அப்பிடியே, 1,000 மைலுக்கு ஒருக்கா. கடற்காத்து வீசுற இடத்தில நிக்கிற காரெண்டால் மாரி முடிஞ்சதும் ஒருக்கா மேலதிகமா அடியுங்கோ.

அந்த ஜக் கீழ நிக்கிற நேரத்திலயே பிறேக் மாஸ்ரர் சிலிண்டரையும் பாருங்கோ. அது சாரதி காலுக்குக் கீழ, சட்டத்துக்குள்ள இருக்கு, கம்பளத்தைத் தூக்கி நிலத் தகட்டு மூடியைத் திறந்தால்தான் எண்ணெய் மட்டம் தெரியும், அதால வருசக் கணக்கா ஒருவரும் பாக்கிறதில்லை. பெடலை விரலால அமத்த, சிலிண்டர் பிடிக்க முன்னம் கொஞ்சம் சும்மா அசைய வேணும். அந்த அசைவு இல்லாட்டி எண்ணெய் திரும்பிற துவாரம் மூடியே கிடந்து, சூடேற ஏறப் பிறேக் தானாப் பிடிக்கும். ஏ9-ல முக்கால் மணித்தியாலம் கழிச்சு இழுவை குறையிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அடுத்த ஓட்டம் முடிஞ்சு நிண்டதும் நாலு ட்றம்மிலயும் தெர்மோமீற்றரைப் பிடிச்சு, நாலுக்கும் என்ன சூடு எண்டு எழுதுங்கோ.